பவளத் தொட்டியில் அடிபடும் அப்பாவிகள்

கடல்நீர்ப் பவளத் தொட்டியில் காலையில் விளக்கைப் போட்டால் ஒரு மீன் செத்துக் கிடக்கிறது. அதன் வயிற்றில் இளஞ்சிவப்பு நிறத்தில் நாலைந்து சுணைப்புழுக்கள் மொய்த்திருக்கின்றன. புழுதான் மீனைக் கொன்றுவிட்டது என்று தொட்டிக்காரர் அக்கணமே முடிவுகட்டிவிடுகிறார். அன்று மாலைக்குள் இடுக்கியும் பொறியும் வந்துவிடும். வாரக் கடைசிக்குள் ஐம்பது புழுக்களாவது குப்பைக்குப் போயிருக்கும். பவளம் வளர்க்கும் ஊர்களில் எல்லாம் நடக்கிற விசாரணை இது. செத்ததைத் தின்னும் உயிருக்கும் கொன்று தின்னும் உயிருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த விசாரணை கண்டுகொள்வதே இல்லை. நோயால் இரவில் செத்த சின்ன மீனை விடிவதற்குள் முள்ளும் மிச்சமில்லாமல் தின்று தீர்க்கும் வேலைக்காரர்கள் ஆரோக்கியமான எந்தத் தொட்டியிலும் உண்டு. அவர்கள் பிணத்தருகே காணப்படுவதில் வியப்பில்லை. என் கருத்து இதுதான்: பவளத் தொட்டியில் கண்ணில் படுவதால் பிடிபடுகிற உயிர் பெரும்பாலும் அப்பாவி. உண்மையான வேட்டையாடி கண்ணில் படாமல் இருப்பதற்கென்றே பரிணமித்தது. எனவே அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்பதில் பயன் குறைவு. காயம் எத்தகையது, உடலின் எந்த இடத்தில், பகலிலா இரவிலா என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

இவை எப்படி உள்ளே வருகின்றன? பவளத் தொட்டியின் அடித்தளம் 'லைவ் ராக்' எனப்படும் உயிர்ப்பாறை. செத்த பவளத்தின் சுண்ணாம்புக்கூடுதான் அது. ஆனால் அதன் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தொட்டியை வாழத்தக்கதாக வைத்திருக்கின்றன. வெப்பமண்டலக் கடல்களிலிருந்து எடுக்கப்பட்டு ஈரம் காயாமல் பொதிந்து அனுப்பப்படும் இந்தப் பாறையோடு, அதன் பொந்துகளில் குடியிருந்த நண்டு, புழு, நத்தை, கடற்பஞ்சு எல்லாம் பயணச்சீட்டு வாங்காமல் வந்துசேர்கின்றன. இயற்கையான பவளப்பாறையிலேயே உயிர்களில் மிகப் பெரும்பாலானவை வெளியே தெரிவதில்லை. நிழற்படங்களில் மின்னும் மீன்கள் சிறுபான்மை. கடலில் ஒரு வேட்டையாடி பரந்த இடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தின்றுவிட்டு நகர்ந்துவிடும். சில நூறு லிட்டர் நீரில் அடைபட்டால் அதே பிராணி ஒரே பவளத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். அதன் இயல்பு மாறவில்லை, இடம்தான் சுருங்கிவிட்டது.

எவ்வளவு பெரிய பிராணி ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு 2009இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நியூக்கே ஊரின் புளூ ரீஃப் காட்சியகத்தில் நடந்தது நல்ல சான்று. வெப்பமண்டலப் பவளத் தொட்டி ஒன்றில் பவளங்கள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. செய்தது எது என்று எவருக்கும் தெரியவில்லை. மீன்துண்டு வைத்த பொறிகள் பிய்த்தெறியப்பட்டன, இரை தூண்டிலோடு காணாமல் போனது. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது நாலடி நீளப் புழு ஒன்று வெளிப்பட்டது. சுமார் 9 கிலோ எடை தாங்கும் தூண்டில் நரம்பை அது கடித்து அறுத்தது. பாபிட் புழு என்று அழைக்கப்படும் யூனிசே அஃப்ரோடிடோய்ஸ் அது. ஜப்பானின் ஷிராஹாமா அருகே ஒரு துறைமுக மிதவைக்குள் அதே ஆண்டு கிடைத்த ஒன்று 299 சென்டிமீட்டர் நீளமும் 433 கிராம் எடையும் இருந்தது. பொதுமக்கள் தினமும் பார்த்துப்போகும் கண்ணாடிக்குப் பின்னாலும், ஆட்கள் நடமாடும் மிதவைக்குள்ளும் ஆளுயரத்தை நெருங்குகிற அல்லது மிஞ்சுகிற பிராணி தெரியாமல் வாழ முடிகிறது. பாறையில் எதையும் பார்க்கவில்லை என்பதால் எதுவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நியூக்கே கதை பரவியதன் விளைவாக இன்னொரு அநியாயம் நடக்கிறது: நீளமாக நெளிவதெல்லாம் பாபிட் ஆகிவிட்டது. யூனிசே இனப் புழுக்களின் தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கும்; உடல் வழவழப்பாக, ஒளியில் வானவில் நிறம் காட்டும்; சுணைகள் குட்டையானவை. அந்தக் குடும்பத்திலேயே பல சிறு இனங்கள் பாசியையும் கழிவையும் தின்று காலம் தள்ளுபவை. தொட்டியில் ஆயிரக்கணக்கில் காணப்படும் யூரிதோயே வகைச் சுணைப்புழுவோ முற்றிலும் வேறு குடும்பம். இளஞ்சிவப்பு உடல், இருமருங்கும் அடர்ந்த வெள்ளைச் சுணை, தொட்டால் விரலில் ஒடிந்து எரிச்சல். மீந்த உணவும் செத்த உடலும்தான் அதன் இரை. அதன் எண்ணிக்கை ஏறினால் தொட்டியில் தீனி மிஞ்சுகிறது என்று பொருள். ஐம்பதைப் பிடித்தாலும் தீனியைக் குறைக்காவிட்டால் மீண்டும் ஐம்பது வரும். பவளத்தை உண்மையிலேயே தின்னும் சுணைப்புழுவும் உண்டு: நெருப்புப்புழு எனப்படும் ஹெர்மோடிசே. மான்கொம்புப் பவளத்தின் கிளைநுனியை வாய்க்குள் நுழைத்துச் சதையை உறிஞ்சிவிட்டு வெள்ளை நுனியை விட்டுப்போகும். ஆனால் அது கரீபியன், அட்லாண்டிக், மத்தியதரைக் கடல்வாசி. இந்தோனேசியப் பாறையில் வந்த புழுவை அதன் பெயரால் தண்டிப்பது, வயலில் எலி பிடிக்கும் சாரையை நாகம் என்று அடிப்பதற்குச் சமம். பாறை எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதும் ஒரு சான்றுதான். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

காயத்தைப் படிப்பதில்தான் இந்தத் துறையின் சுவையே இருக்கிறது. அக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தில் உடலெங்கும் வெளிறிய சிறு வட்டப் புள்ளிகள் தோன்றி, நிறம் மங்கி, அடிப்பகுதியில் சதையற்ற கூட்டின்மேல் பழுப்பு முட்டைக்கூட்டங்கள் ஒட்டியிருந்தால், தின்பது ஒரு தட்டைப்புழு. பவளத்தை உற்று உற்றுப் பார்த்தாலும் புழு தெரியாது. பவளச் சதையோடு அதன் உடனுறை பாசியையும், ஒளிரும் நிறமிகளையும் சேர்த்து விழுங்கித் தன் உடலில் வைத்துக்கொள்கிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. எந்தப் பவளத்தைத் தின்கிறதோ அந்தப் பவளத்தின் நிறமே அதற்கு மறைவிடம். இந்தப் புழுவை முதலில் சந்தித்தவர்கள் கடலாய்வாளர்கள் அல்லர், தொட்டி வளர்ப்பவர்கள். 2011இல் அமகுசாபிளானா அக்ரோபோரே என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது தொட்டிகளில் கிடைத்த மாதிரிகளை வைத்துத்தான். அதன் பிறகே ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் லிசார்ட் தீவருகே இயற்கையில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அதைப் புரோஸ்தியோஸ்டோமம் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். நிறத்தில் ஒளிந்துகொண்ட இந்தப் புழு தான் விட்ட வட்டக் காயத்தாலும் முட்டையாலும் பிடிபட்டது.

பவளத்துக்குப் பவளம் காயம் மாறும். தட்டுத்தட்டாக வளரும் மாண்டிபோராவில் விளிம்பிலிருந்தோ அடிப்புறத்திலிருந்தோ வெள்ளைத் திட்டு நாள்தோறும் விரிந்தால், தட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அரிசிமணியைவிடச் சிறிய, முதுகில் நார்நாராக நீட்சிகள் கொண்ட ஓடில்லாக் கடல்நத்தையும் அதன் வெள்ளை முட்டைகளும் கிடைக்கும். பல ஆண்டுகளாகத் தொட்டிக்காரர்களைப் படுத்திவந்த இந்த நத்தைக்கு 2020இல்தான் ஃபெஸ்டில்லா இனமாகப் பெயர் கிடைத்தது. ஹாங்காங் ஆய்வாளர்கள் அதை விவரித்த கட்டுரையின் தலைப்பே அதை மீன்தொட்டி வணிகத்தின் பவளந்தின்னிப் பீடை என்கிறது. இதற்கு நேர்மாறாக, சதையில் ஓட்டையும் இல்லை, வெள்ளைத் திட்டும் இல்லை, ஆனால் அக்ரோபோராவின் பாலிப்புகள் வெளியே நீள மறுத்து நிறம் சோர்ந்துகிடந்தால், உருப்பெருக்கியில் அரை மில்லிமீட்டர் அளவில் சிவப்புப் புள்ளி கொண்ட மஞ்சள் பிராணிகள் ஊர்கின்றனவா என்று பார்க்கலாம். டெகாஸ்டெஸ் என்னும் ஒட்டுண்ணிக் கோப்பிபோடு (நுண் ஓட்டுயிரி) அது. எந்தத் தடயமும் இல்லாமல் அடியிலிருந்து சதை உரிந்துகொண்டே மேலேறினால் பூச்சியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நீரின் காரத்தன்மையையும் வெப்பத்தையும் அளந்து பாருங்கள்.

நத்தை ஓடுகளும் பேசும். வட்டமாகத் துளையிட்ட ஓடு என்றால் இன்னொரு வேட்டை நத்தை. சுக்குநூறாக உடைந்த ஓடு என்றால் மான்டிஸ் இறால். சேதமின்றிக் காலியாகக் கிடக்கும் ஓட்டுக்கு உரியது தானே செத்து, பிறரால் துப்புரவு செய்யப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கும்பிடுபூச்சி போல முன்கால்களை மடித்துவைத்திருக்கும் மான்டிஸ் இறாலின் குத்து வினாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை எட்டுவதை ஷீலா பட்டேக் குழுவினர் 2004இல் 'நேச்சர்' இதழில் பதிவுசெய்தார்கள். அந்த வேகத்தில் நீரில் ஆவிக்குமிழிகள் தோன்றி வெடிக்கும்; ஓட்டுக்கு விழும் அடி இரண்டு. இரவில் தொட்டியிலிருந்து 'டக்' என்ற ஓசை கேட்டதும் பலர் இந்தப் பிராணியைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் துப்பாக்கி இறாலும் அதே ஓசை எழுப்பும். ஒரு பெருங்கொடுக்கைப் படாரென்று மூடி நீர்த்தாரை பீய்ச்ச, அதில் உருவாகும் குமிழி வெடிப்பதே அந்தச் சத்தம் என்று 2000ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு விளக்கியது. அதன் இனங்கள் பல கோபி மீனோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்துபவை, தொட்டிக்குத் தீங்கற்றவை. ஆகவே ஓசை மட்டும் சான்றாகாது. ஓசையோடு உடைந்த ஓடும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். சிவப்பு விளக்கில் இரவுநேரச் சோதனை செய்யச் சொல்வார்கள். பெரும்பாலான முதுகெலும்பற்ற பிராணிகளுக்குச் சிவப்பொளி மங்கலாகத்தான் தெரியும் என்பதால் அது நல்ல யோசனையே. ஆனால் சிவப்பைக் காணும் வாங்கிகளும் மான்டிஸ் இறால் இனங்கள் சிலவற்றின் கண்ணில் உண்டு. நீங்கள் அதைப் பார்க்குமுன் அது உங்களைப் பார்த்துவிடும்.

நண்டு விஷயத்தில் தவறு பெருஞ்சேதமாக முடியும். பவளக் கிளைகளுக்கு நடுவே வழவழப்பான ஓட்டோடு ஒட்டிக்கிடக்கும் டிரபீசியா நண்டைப் பார்த்ததும், பவளத்தைத் தின்கிறது என்று பிடுங்கி எறிகிறார்கள். அது பவளம் சுரக்கும் சளியைத் தின்றுகொண்டு, முட்கிரீட நட்சத்திரமீன் வந்தால் அதன் குழாய்க்கால்களைக் கிள்ளி விரட்டும் காவலாளி. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியாவில் கிளைப்பவளத் துண்டுகளிலிருந்து இத்தகைய நண்டுகளை அகற்றிப் பார்த்த 2006ஆம் ஆண்டின் ஆய்வில், வண்டலை அகற்ற ஆளில்லாமல் அவற்றில் பெரும்பங்கு ஒரு மாதத்துக்குள் செத்தன. நண்டு இருந்தவை அனைத்தும் பிழைத்தன. உடலெங்கும் மயிர் அடர்ந்து, கொடுக்கு நுனி கூர்மையாக, பாறைப் பொந்தில் பகலெல்லாம் ஒளியும் நண்டு வேறு ரகம். அதை வெளியேற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொடுக்கு நுனி கறுப்பாக இருந்தாலே கெட்ட நண்டு என்ற வழக்கமான சூத்திரத்தை நம்பாதீர்கள். கொடுக்கின் நிறத்தைவிட வடிவம்தான் உணவைச் சொல்லும்: பாசி சுரண்டுவதற்குக் கரண்டி போன்ற நுனி, சதை கிழிப்பதற்குக் கூர்நுனி.

இவ்வளவு யோசிப்பானேன், சந்தேகம் உள்ள எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு உயிரற்ற காய்ந்த பாறையோடு தொடங்கினால் போகிறது என்று ஒரு வாதம் உண்டு. இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடியதல்ல. பாபிட்டும் மான்டிஸும் அந்த வழியில் வராமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் தட்டைப்புழு, மாண்டிபோரா நத்தை, சிவப்புக் கோப்பிபோடு மூன்றும் பாறையோடு வருபவை அல்ல. கடையில் வாங்கும் பவளத் துண்டின் உடலில் ஒட்டி வருபவை. காய்ந்த பாறை அவற்றை நிறுத்தாது. கூடவே, கழிவைத் தின்னும் புழுக்களும் சிறு ஓட்டுயிரிகளும் இல்லாத தொட்டியில் அந்த வேலை முழுவதும் வளர்ப்பவர் தலையில் விழும். ஏற்கெனவே உயிர் நிறைந்த பாறையைக் கொதிக்கவைத்துச் சுத்திகரிப்பதோ நேரடியான ஆபத்து. பாலிதோவா போன்ற சோவான்திட் பவளங்களில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு இருக்கலாம். கொதிக்கும்போது ஆவியோடு கலந்து நுரையீரலுக்குள் போகும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தொட்டிக் கல்லில் இருந்த பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பத்தாரும் உதவிக்கு வந்தவர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

பவளம் செத்துக்கொண்டிருக்கும்போது ஆராய்ச்சி நடத்த நேரமில்லை என்பது இன்னொரு எதிர்ப்பு. நேரமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் குற்றம் சாட்டப்பட்ட பிராணியை விட்டுவிட்டுப் பவளத்தைத் தனித் தொட்டிக்கு மாற்றச் சொல்கிறேன். அங்கே அயோடின் கலந்த கடல்நீர்க் குளியல் கொடுத்தால் தட்டைப்புழுக்கள் உதிர்ந்து வெள்ளைக் கிண்ணத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியும். ஒரே செயலில் சிகிச்சையும் ஆகிறது, அடையாளமும் கிடைக்கிறது. முட்டைகள் குளியலுக்கு மசியாது. ஆகவே அவற்றைச் சுரண்டி எடுத்து, பொரிக்கும் குஞ்சுகளுக்காகச் சில வாரங்களில் பலமுறை திரும்பச் செய்ய வேண்டும். தெரியாமல் மருந்தடிப்பதன் விலையைச் சிவப்புக் கோப்பிபோடு காட்டும். அதை ஒழிக்க நாய்களின் இதயப்புழு மருந்தான மில்பிமைசின் ஆக்ஸைமைத் தொட்டியில் கலக்கிறார்கள். வேலை செய்கிறது, கூடவே தொட்டியின் இறால், நண்டு, நல்ல கோப்பிபோடு அனைத்தையும் கொல்கிறது. பவளத்தின் சோர்வுக்கு உண்மைக் காரணம் தட்டைப்புழுவாக இருந்திருந்தால், அதைத் தின்னக்கூடிய இறாலைக் கொன்றுவிட்டுப் புழுவைக் காப்பாற்றியிருப்போம். டவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில் பெப்பர்மின்ட் இறாலும் ஆறுகோட்டு ராஸ் மீனும் அந்தப் புழுவைத் தின்றன. முட்டையையும் தின்றது இறால் மட்டுமே.

என் வாதத்துக்கு எதிரான மிகப் பலமான சான்று இன்னொரு பிராணியிடமிருந்து வருகிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. பாறையில் ஒட்டி, சளிவலை வீசி நீரில் மிதப்பதைப் பிடித்துத் தின்னும் குழல்நத்தையான வெர்மெடிட்டை நீண்டகாலம் தீங்கற்ற பட்டியலில் வைத்திருந்தார்கள். அதே மூரியாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, அவற்றின் அருகில் வளரும் பவளங்களின் கூட்டு வளர்ச்சி 81 சதவீதம் வரை குறையக்கூடும் என்று கண்டது. கடிக்காமல், தொடாமல், சளியைப் படரவிட்டே கெடுக்கிறது. தொட்டியில் பெருகும் சிறு ஆஸ்டெரினா நட்சத்திரமீன்களும் அப்படித்தான்: பெரும்பாலானவை பாசிப்படலம் மேய்பவை, சில சோவான்திட்டைத் தின்கின்றன. அப்படியானால் 'அப்பாவி' என்று சொல்வதற்கே என்ன உரிமை? இதற்கு என் பதில்: பெயர்ப்பட்டியலை வைத்து விடுதலை கொடுப்பதும் பெயர்ப்பட்டியலை வைத்துத் தண்டிப்பதும் ஒரே பிழை. வெர்மெடிட்டின் குற்றத்தை நிரூபித்தது, அது இருக்கும் பவளத்தையும் இல்லாத பவளத்தையும் ஒப்பிட்டு அளந்த முறை. தொட்டிக்காரரும் அதைச் செய்யலாம். சந்தேகப் பிராணியைச் சிறு பெட்டியில் ஒரு பவளத் துண்டோடு சில இரவுகள் விட்டு, தினமும் படமெடுத்துப் பார்த்தால் போதும்.

ஒரு பீடையை மட்டும் இந்த நிதானத்திலிருந்து விலக்கலாம் போலத் தோன்றும்: அய்ப்டேசியா என்னும் பழுப்புக் கடல்தாமரை. அது ஒளிவதில்லை, அடையாளம் காணச் சிரமமும் இல்லை. ஆனால் பார்த்ததும் கத்தியால் சுரண்டியவர்கள்தான் அதை அதிகம் வளர்த்திருக்கிறார்கள். அடித்தட்டில் விட்டுப்போன சிறு சதைத்துணுக்கும் முழுப் பிராணியாக வளரும். அதன் இனப்பெருக்க முறைகளில் அதுவும் ஒன்று. அந்த அடங்காத பெருக்கத்துக்காகவே பவளத்துக்கும் பாசிக்குமான உறவை ஆராயும் ஆய்வுக்கூடங்கள் அதை விரும்பி வளர்க்கின்றன. 2015இல் அதன் மரபணுத்தொகுதியே படித்து வெளியிடப்பட்டது. அதை மட்டுமே தின்னும் பெர்கியா என்ற ஓடில்லாக் கடல்நத்தையை விட்டால் வேலை முடியும். தீனி தீர்ந்ததும் பெர்கியாவும் பட்டினியில் செத்துப்போகும். அதை முன்கூட்டியே இன்னொரு தொட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது.

இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு செய்தி: கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் பவளத்தையோ பவளப்பாறையையோ எடுப்பதும் விற்பதும் குற்றம். எங்கிருந்து வளர்ப்பவரானாலும், தொட்டியில் பிடித்த பிராணியையோ அது வந்த நீரையோ கடலில் கொட்டாதீர்கள். அக்ரோபோரா தட்டைப்புழு தொட்டிகளிலிருந்து தப்பி அது இல்லாத பவளத்திட்டுகளுக்குப் பரவலாம் என்று ஆய்வாளர்கள் ஏற்கெனவே எச்சரித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாத ஒன்றைப் பிடித்தால் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, எந்தப் பவளத்தில், எந்தக் காயத்தோடு, எந்நேரத்தில் கிடைத்தது என்று எழுதி, எத்தனாலில் போட்டு, கடல் உயிரியல் துறை உள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கொடுங்கள். தட்டைப்புழுவும் மாண்டிபோரா நத்தையும் பெயர் பெற்றது அப்படி வந்துசேர்ந்த மாதிரிகளால்தான்.